பழமைக்கு விலையா? சான்றுக்கு விலையா?

காட்சியொன்றைக் கற்பனை செய்து பாருங்கள், தோழர்காள்! லண்டன் நகரத்துப் பழம்பொருள் கடை. கண்ணாடிப் பேழைக்குள் மரப்பெட்டி. பெட்டிக்குள் 32 சதுரங்கக் காய்கள். பாதி பொன்னிறம், பாதி கருநிறம். “நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமை! அரண்மனையிலே ஆடிய காய்கள்!” என்கிறார் கடைக்காரர். வாங்க வந்தவர் வியக்கிறார், விழி மூடுகிறார், விலையைக் கொட்டிக் கொடுக்கிறார்.

அரண்மனை என்றாரே, அதற்கு ஆதாரம் என்ன? நூறாண்டு என்றாரே, அதற்கு அடையாளம் எது? கேட்கவில்லை அவர். பழமை என்ற சொல் காதில் விழுந்ததும் கேள்வி நாவிலே உறைந்துவிட்டது!

வகுப்பறையில் வரலாறு கற்பிப்போர் நாம். வரலாறு என்பது வாய்மொழி வியப்பு அன்று. சான்றுகளைச் சல்லடையிட்டுப் பார்க்கும் அறிவு. அந்த அறிவைப் பயில அரசர்களின் கல்வெட்டுத்தான் வேண்டும் என்பதில்லை. கையளவு மரக்காயும் போதும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில், ஐரோப்பாவில் சதுரங்கக் காய்கள் நாட்டுக்கொரு வடிவம், ஊருக்கொரு உருவம் என்றிருந்தன. இங்கிலாந்தில் செயின்ட் ஜார்ஜ் வகை, பிரான்சில் ரெஜான்ஸ் வகை, செருமனியில் செலீனஸ் வகை எனப் பலப்பல. மெலிந்து உயர்ந்தவை சில. கை பட்டாலே கவிழ்பவை சில. எது அரசி, எது மந்திரி என்று வேற்றூர் ஆட்டக்காரர் விழித்து நிற்கும் நிலை! ஆட்டமோ ஒன்று, காய்களோ வேறு வேறு.

இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்டிய ஆண்டு 1849. அவ்வாண்டு மார்ச் முதல் நாள், நத்தானியேல் குக் என்பார் லண்டனில் புதிய காய் வடிவம் ஒன்றைப் பதிவு செய்தார். ஜேக்ஸ் நிறுவனம் அதை உருவாக்கிச் செப்டம்பரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1843இல் பாரிசில் பிரெஞ்சு வீரர் செயின்ட் அமாந்தை வென்று பெரும்புகழ் பெற்றிருந்த ஹோவர்ட் ஸ்டான்டனின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. அகன்ற அடி, அடக்கமான உயரம், பார்த்தவுடன் இன்ன காய் எனப் புரியும் தலை. அரசனுக்குச் சிலுவை, அரசிக்கு மகுடம். நாம் மந்திரி என்பதை ஆங்கிலேயர் பேராயர் என்பர். ஆகவே அதற்குப் பேராயரின் பிளவுண்ட தொப்பி. நாம் யானை என்பது அவர்களுக்குக் கோட்டை. ஆகவே அதற்குக் கொத்தளம். 1924இல் பாரிசில் தோன்றிய உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் போட்டிகளிலும் இன்று ஆடப்படுவது இந்த வடிவமே. பழையது என்பதால் நிலைத்ததா இது? இல்லை! பயன்பட்டது, ஆகவே நிலைத்தது.

இவ்வடிவம் பரவியதும் பலரும் அதைப் பின்பற்றிக் கடைந்தனர். ஆகவேதான் இன்று ஒருவர் கையில் ஸ்டான்டன் வகைக் காய்கள் கிடைத்தால், “இவை எப்போது, எவரால் செய்யப்பட்டவை?” என்ற கேள்வி எழுகிறது. விடையைக் காய்களிடமே கேட்போம்.

முதல் சான்று, மரம். ஜேக்ஸ் காய்களில் வெண்காய்கள் பாக்ஸ் எனப்படும் மரத்தால் ஆனவை. நெருங்கிய இழையுடைய அந்த மஞ்சள் மரம், ஆண்டுகள் செல்லச் செல்லத் தேன் நிறம் கொள்ளும். உயர்தரத் தொகுதிகளில் கருங்காய்கள் எபனி என்னும் கருங்காலி மரத்தால் ஆனவை. தென்னாட்டிலும் இலங்கையிலும் வளரும் மரந்தான் அது. விலை குறைந்த தொகுதிகளிலோ, பாக்ஸ் மரத்துக்கே கருஞ்சாயம் ஏற்றி எபனிபோல் நிறுத்திவிடுவர்! வேலைநிறுத்தத்தில் தோழர்களைக் காட்டிக் கொடுப்பவனைத் தொழிலாளர் கருங்காலி என்பர். இங்கோ, உண்மைக் கருங்காலி நேர்மையானது. அதன் வேடம் பூண்ட சாயமரந்தான் காட்டிக் கொடுக்கிறது. விளிம்புகள் தேய்ந்த இடத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பாருங்கள்: உள்ளிருந்து வெளிர்மரம் எட்டிப் பார்க்கும்.

“கருங்காலி நீரில் மூழ்கும், போட்டுப் பார்த்தால் தெரியாதா?” என்பார் உண்டு. மூழ்கும் மரந்தான். ஆனால் ஆட்டத்துக்கான பெரிய காய்களின் அடியிலே ஈயம் பொதிந்திருக்கும். அப்போது எந்த மரம் மூழ்காது? சோதனை பொய்க்கும், காயும் கெடும். எதைச் சோதிக்கிறோம் என்று அறியாமல் செய்யும் சோதனையும் மூடத்தனமே!

இரண்டாம் சான்று, முத்திரை. அரசனின் அடிவிளிம்பில் ஜேக்ஸ், லண்டன் என்ற எழுத்துகள் பதிக்கப்பட்டிருக்கும். அரசன் பக்கத்துக் குதிரையிலும் கோட்டையிலும் சிறு மகுடக் குறி காணப்படும். ஏன்? அந்நாளில் ஆட்டத்தைக் குறிக்கும்போது ‘அரசன் பக்கத்துக் குதிரை’, ‘அரசி பக்கத்துக் குதிரை’ என்று எழுதுவர். ஆட்டத்தின் நடுவே எது எதுவெனக் குழம்பாதிருக்கவே அந்தக் குறி. எனினும் முத்திரை ஒன்றை மட்டும் நம்பிவிடக் கூடாது. எழுத்தைப் பதிக்கத் தெரிந்தவனுக்குப் பொய்யைப் பதிக்கத் தெரியாதா?

மூன்றாம் சான்று, பெட்டியும் சீட்டும். ஸ்டான்டனின் கையொப்ப வடிவம் தாங்கிய சீட்டைப் பெட்டியில் ஒட்டி விற்றனர். ஆனால் ஒரு பெட்டியின் சீட்டு இன்னொரு பெட்டிக்குக் குடிபெயரலாம். பழைய பெட்டிக்குள் புதிய காய்கள் புகுந்து கொள்ளலாம். காயும் பெட்டியும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

நான்காம் சான்று, குதிரை. மற்றக் காய்களைப் பெரும்பாலும் கடைசல் எந்திரத்தில் கடைந்துவிடலாம். குதிரைத் தலையோ, கையாலும் உளியாலும் செதுக்கப்பட வேண்டியது. தொகுதியிலேயே மிகுந்த உழைப்பை விழுங்கும் காய் இதுவே. கண், நாசி, பிடரி, தாடை ஆகியவற்றைச் செதுக்கிய முறை காலத்துக்குக் காலம் மாறிற்று. ஆகவே ஆய்வாளர் முதலில் பார்ப்பது குதிரையின் முகத்தைத்தான்! நான்கு குதிரைகளுள் ஒன்றின் முகம் மட்டும் வேறுபட்டிருந்தால், பின்னாளில் வந்து சேர்ந்தது என்று ஐயுறலாம்.

இத்தனையும் ஒருமுகமாகப் பேசினால்தான் தீர்ப்பு. ஒரு சாட்சியின் சொல்லை மட்டும் கேட்டு வழக்கை முடிப்போமா?

இனி விலை. 32 காய்களும் உள்ளனவா? எல்லாம் ஒரே தொகுதியில் பிறந்தவையா? அரசனின் சிலுவை, குதிரையின் காது, பேராயரின் தொப்பி முனை ஆகியவை உடையாமல் உள்ளனவா? இவையே விலையை உயர்த்துவதும் தாழ்த்துவதும். புதிதுபோல் மின்ன வேண்டுமென்று உப்புத்தாள் கொண்டு தேய்த்து மெருகு பூசுவார் சிலர். பல்லாண்டுகள் படிந்த நிறத்தைச் சுரண்டியதோடு விலையையும் சுரண்டிவிட்டோம் என்பதை அவர் அறியார்! மற்றொன்று: விற்பவர் கேட்கும் விலை விலையன்று. ஒத்த தொகுதி ஏலத்தில் உண்மையிலேயே விற்ற விலைதான் அளவுகோல்.

கதையை நம்பி ஏமாறுவது ஒரு பக்கம். கண்முன் இருப்பதைக் காணாமல் இழப்பது மறு பக்கம். மரக்காய் அன்று, வால்ரஸ் என்னும் கடல்விலங்கின் தந்தக்காய் ஒன்று இதற்குச் சான்று. ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் 1831இல் வெளிப்பட்ட இடைக்காலத் தொகுதியில் ஐந்து காய்கள் குறைந்திருந்தன. அவற்றுள் ஒன்றான காவல்வீரன் காயை, இன்னதென்று அறியாமலே, எடின்பரோ பழம்பொருள் வணிகர் ஒருவர் 1964இல் 5 பவுனுக்கு வாங்கினார். அவர் குடும்பத்தில் அது மேசை இழுப்பறைக்குள் கிடந்தது. ஆய்வாளரிடம் காட்டியபோது உண்மை வெளிப்பட்டது. 2019 சூலையில் லண்டன் ஏலத்தில் அது 7,35,000 பவுனுக்கு விற்றது! காய் மாறவில்லை, தோழர்காள். அதைப் பார்த்த கண் மாறியது.

இன்று அமிர்தசரசுக் கடைசல்காரர்கள், பழைய ஜேக்ஸ் காய்களின் வடிவத்தை அப்படியே கடைந்து உலகெங்கும் அனுப்புகின்றனர். ‘புதிதாகச் செய்தது’ என்று சொல்லி விற்கும்வரை அது போலியன்று, கைத்திறம்! பொய் வயதைப் பூசி விற்கும்போதுதான் அது மோசடியாகிறது. குற்றம் மரத்தில் இல்லை. மரத்தின்மேல் ஏற்றிய கதையில் இருக்கிறது.

இறுதியாக ஒரு கேள்வி. பதிவு குக்கின் பெயரில். வாணிகம் ஜேக்ஸ் பெயரில். புகழோ ஸ்டான்டன் பெயரில். மரத்தைக் கடைந்து, ஈயம் பொதிந்து, குதிரைக்கு மூச்சு வருமோ என எண்ணும்படி நாசி செதுக்கிய தொழிலாளியின் பெயர் எந்த முத்திரையில் இருக்கிறது? அரசனின் அடியில் இல்லை. பெட்டியின் சீட்டிலும் இல்லை. அவன் விட்டுச்சென்ற சான்று ஒன்றே ஒன்றுதான்: உளியின் தடம். ஏலமேடையில் உண்மையையும் போலியையும் பிரித்துக் காட்டுவதிலும் பெரும்பங்கு பெயரற்ற அந்தத் தடத்துக்கே!

ஆகவே, பழம்பொருள் ஒன்று கைக்கு வந்தால், “எவர் வைத்திருந்தது?” என்று கேட்டு நின்றுவிடாதீர். “எதனால் ஆனது? எப்படிச் செய்யப்பட்டது? எந்தக் கை செய்தது?” என்றும் கேளுங்கள். பழமையை வணங்கவும் வேண்டாம், பழித்தெறியவும் வேண்டாம். கையில் எடுங்கள், வெளிச்சத்தில் பிடியுங்கள், திருப்பிப் பாருங்கள். மதிப்பு அதன் பிறகு பேசப்படட்டும்.