வெப்ப இருக்கைகள்: காரில் தாமே பொருத்தும் முறை

வெப்ப இருக்கை என்பது, மோட்டார் காரின் ஆசன மெத்தைக்கும் அதன் மேலுறைக்கும் இடையே மின்சாரத்தால் சூடேறும் மெல்லிய பாய்களை அமைத்து, அமர்ந்திருப்பவரின் தேகத்துக்கு நேரடியாக உஷ்ணம் ஊட்டும் சாதனமாகும். எஞ்சினைச் சுற்றி ஓடும் நீர் சூடேறிய பிறகே உட்புறக் காற்றைச் சூடாக்க வல்ல சாதாரண ஹீட்டர், உறைபனி படிந்த காலை வேளைகளில் பயன் தர நெடுநேரம் பிடிக்க, இப்பாய்களோ உடலுக்கு மிக அருகில் இருப்பதால் சில நிமிஷங்களிலேயே இதமளிக்கின்றன. ஆதலின் ஸ்வீடன், கனடா, அமெரிக்காவின் மின்னசோட்டா, மிச்சிகன் முதலிய குளிர்ப் பிரதேசங்களில், இவ்வசதியின்றி விற்பனையான கார்களை உடையவர்கள் தனியே கிடைக்கும் உபகரணத் தொகுதிகளை வாங்கித் தாமே பொருத்திக்கொள்வது வழக்கமாயிற்று.

இச்சாதனத்தின் பூர்வ வரலாறு சுருக்கமானது. 1906இல் ஆல்பர்ட் மார்ஷ் என்ற அமெரிக்கர் காப்புரிமை பெற்ற நிக்கல்-குரோமியக் கலவைக் கம்பி, காற்றில் எளிதில் கெடாமல் நெடுங்காலம் சூடேறும் இயல்பினால் மின்சார உஷ்ண சாதனங்கள் பலவற்றுக்கும் மூலமாய் அமைந்தது. காடிலாக் நிறுவனம் 1966ஆம் ஆண்டு மாடல்களில் வெப்ப இருக்கையை விருப்ப வசதியாக அளித்தது. ஸ்வீடனின் சாப் நிறுவனம் 1972ஆம் ஆண்டு மாடல்களில் ஓட்டுநர் ஆசனத்துக்கு அதனை இயல்பான அங்கமாகவே ஆக்கிற்று.

தனியே விற்கப்படும் பாய்கள் இருவகைப்படும். முதல் வகையில் மெல்லிய உலோகக் கம்பியொன்று வளைந்து வளைந்து பாய் முழுவதும் ஓடுகிறது. அஃது ஓரிடத்தில் அறுந்தாலும் மின்னோட்டம் நின்றுபோகும். இரண்டாம் வகையில், நீண்ட ஓரங்கள் இரண்டிலும் ஓடும் மின்கடத்திகளுக்கிடையே கார்பன் இழைகள் குறுக்காக அமைந்திருப்பதால், ஒவ்வோர் இழையும் தனித்தனிப் பாதையாகிறது. உற்பத்தியாளர் குறித்த எல்லைக்குள் பாயின் நீளத்தைக் கத்தரித்துக் குறைத்தாலும் மீதிப் பகுதி முன்போலவே சூடேறும், மொத்த மின்செலவு மட்டுமே குறையும். ஆசனங்களின் அளவு காருக்குக் கார் மாறுபடுவதாலும், மெத்தை மீது முழங்காலை ஊன்றுவது போன்ற அழுத்தத்தால் கம்பி முறிந்துபோவது சகஜமாதலாலும், சொந்தமாகப் பொருத்துவோருக்குக் கார்பன் பாயே உகந்தது.

பாயினும் முக்கியமானது அதன் உஷ்ணத்தைக் கட்டுப்படுத்தும் உறுப்பாகிய தெர்மோஸ்டாட். மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1947இல் வெளியிட்ட முடிவுகளின்படி, தோலின் மேற்பரப்பு 44 பாகை செல்சியஸில் ஏறத்தாழ ஆறு மணி நேரம் இருந்தால் தீப்புண் உண்டாகும். அதற்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் அந்த நேரம் சுமார் பாதியாகக் குறைகிறது. நீரிழிவினால் நரம்பு தளர்ந்தவர்களும், முதுகுத்தண்டு காயத்தால் இடுப்புக்குக் கீழ் உணர்ச்சியற்றவர்களும், சூடு மிகுந்ததை அறியாமலே அமர்ந்திருந்து கடும் புண்ணுக்கு ஆளான சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. எனவே தெர்மோஸ்டாட் அமையாத, விலையொன்றையே கவர்ச்சியாகக் கொண்ட தொகுதிகளை எத்தகைய சிக்கனத்தின் பெயராலும் வாங்கலாகாது.

வேலையில் மெய்யான அபாயம் மின்சாரத்தைக் காட்டிலும் ஆசனத்தின் உள்ளே இருக்கிறது. தற்காலக் கார்கள் பலவற்றில் முதுகுச் சாய்வின் வெளிப்பக்க ஓரத்தில் பக்கவாட்டு ஏர்பேக் மடித்து வைக்கப்பட்டுள்ளது. அது வெடித்து விரியும்போது பிரிந்து வழிவிடுமாறு உறையின் தையலும் விசேஷமாக அமைந்திருக்கிறது. ஆகவே ஆசனத்தைக் கழற்றுமுன் பாட்டரியின் எதிர்முனைக் கம்பியை நீக்கி, ஏர்பேக் யந்திரத்தில் சேமிக்கப்பட்ட மின்சாரம் வடியும்வரை, அந்தக் காரின் பழுதுபார்ப்பு நூல் கூறும் நேரம் காத்திருந்த பின்னரே, அடியிலுள்ள மஞ்சள் நிற இணைப்பானைப் பிரிக்க வேண்டும். ஆசனம் வெளியே இருக்கையில் சாவியைத் திருப்பிவிட்டால் பிழைக்குறி பதிந்து எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கும். பாயின் எப்பகுதியும் ஏர்பேக் இருக்குமிடத்தை மூடலாகாது என்பதை வற்புறுத்தத் தேவையில்லை.

பயணி ஆசனத்தின் நிலை இன்னும் சிக்கலானது. அமெரிக்காவில் 2003 முதல் 2006 வரை படிப்படியாக நடைமுறைக்கு வந்த ஏர்பேக் விதியின் விளைவாக, அங்கு விற்பனையாகும் கார்கள் பலவற்றில் அமர்ந்திருப்பவர் பெரியவரா, குழந்தையா என்று அறியும் உணர்கருவி பயணி ஆசனத்தில் அமைந்துள்ளது. சிலவற்றில் அது திரவம் நிரம்பிய பை, சிலவற்றில் அழுத்தத்தை அளக்கும் விரிப்பு. இவை குறிப்பிட்ட மெத்தையோடும் உறையோடும் சேர்த்தே அளவு நிர்ணயிக்கப்பட்டவையாதலின், இடையே ஒரு பாயைச் செருகுவது அந்தக் கணக்கையே பிழையாக்கக்கூடும். வண்டியின் பாதுகாப்புச் சாதனத்தைச் செயலிழக்கச் செய்யலாகாது என்ற அமெரிக்கச் சட்டம் உற்பத்தியாளர், பழுதுபார்க்கும் நிலையங்கள் முதலியோரையே கட்டுப்படுத்துகிறது, சொந்தக்காரரை அன்று. பொறுப்பு முழுவதும் அவர் தோள்மேல் விழுகிறது. அத்தகைய காரில் ஓட்டுநர் ஆசனத்தோடு வேலையை நிறுத்திக்கொள்வதே இக்கட்டுரையாளரின் துணிபு.

ஆசன உறை, மெத்தையிலுள்ள பள்ளங்களில் புதைந்த கம்பியோடு சிறு உலோக வளையங்களால் பிணைக்கப்பட்டிருக்கும். இவற்றை வெட்டி நீக்கி, உறையைப் பாதிவரை சுருட்டி, பாயைச் சுருக்கமின்றி விரித்து ஒட்ட வேண்டும். பள்ளத்தைக் கடக்கும் இடத்தில் பாய் மடிந்து தன்மேல் தானே படிந்தால், அவ்விடத்தில் உஷ்ணம் குவிந்து மெத்தை கருகும். புதிய வளையங்களை அவற்றுக்குரிய குறடு கொண்டே இறுக்க வேண்டும்.

ஓர் ஆசனத்தில் மெத்தைக்கும் முதுகுச் சாய்வுக்குமான இரு பாய்களும் சேர்ந்து 100 முதல் 120 வாட் கொள்வதாயின், 12 வோல்ட் மின்சாரத்தில் 8 முதல் 10 ஆம்பியர் வரை ஓடும். இவ்வளவு மின்னோட்டத்தை டாஷ்போர்டிலுள்ள மெல்லிய கம்பியிலிருந்து பெறலாகாது. பாட்டரியிலிருந்தே தடித்த கம்பியொன்றை இழுத்து, பாட்டரிக்கு அருகிலேயே 15 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து, ரிலே எனும் மின்காந்த சுவிட்ச் வழியாகப் பாய்க்குச் செலுத்த வேண்டும். ரிலேயின் சுருளுக்கு மட்டும், சாவி திரும்பியிருக்கும் போதே உயிர்பெறும் கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்தால், காரை நிறுத்திய பின் இருக்கை சூடாகிக்கொண்டேயிருந்து பாட்டரியை வறட்டிவிடும் நேர்ச்சி தவிர்க்கப்படும். ஃபியூஸ் காப்பது கம்பியை. பாயின் மிகுசூட்டை அது காவாது. எதிர்முனையை, பெயின்ட் சுரண்டிய சுத்தமான உலோகப் பரப்பில் இணைக்க வேண்டும். ஆசனம் முன்னும் பின்னும் நகருமாதலின், கம்பிக்குப் போதிய தளர்ச்சி விட்டு, தண்டவாளத்தில் சிக்கி அறுபடாத வழியில் கட்டுவதும் அவசியம்.

ஆசனத்தை மீண்டும் அமர்த்தியதும், உற்பத்தியாளர் குறித்த முறுக்குவிசையில் போல்ட்களை முறுக்கி, மஞ்சள் இணைப்பானைப் பூட்டிய பிறகே பாட்டரியை இணைக்க வேண்டும். அப்பொழுது காருக்குள் எவரும் அமர்ந்திருத்தலாகாது. சாவியைத் திருப்பியதும் ஒளிரும் ஏர்பேக் விளக்கு சில விநாடிகளில் அணைந்தால் இணைப்பு முறையாயிற்று எனலாம். அதன்பின் பாய்களை உச்ச நிலையில் ஓடவிட்டு, மேலுறையின் உஷ்ணத்தை வெப்பமானியால் பல இடங்களிலும் சோதித்துப் பார்க்க வேண்டும். விளக்கு அணையாவிடில், பிழைக்குறியை ஸ்கேனர் மூலம் படித்தறிந்து அதன் காரணத்தை நீக்கும்வரை, அக்காரில் எவரையும் ஏற்றிச் செல்லலாகாது.