இரும்பு-60இன் ஆயுள் கணக்கு

புற்றுநோய் ஆஸ்பத்திரிகளில் "கோபால்ட் கொடுக்கிறாங்க" என்று பேசிக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். அது அணு உலையில் தயாரான கோபால்ட்-60. அதே கோபால்ட் வானத்தில் வேறு வழியிலும் பிறக்கிறது. அங்கே அதற்குத் தாய், இரும்பு-60 என்ற அபூர்வ ஐசோடோப்.

பெரிய நட்சத்திரங்களின் வயிற்றில், சாதாரண இரும்பு நியூட்ரான்களை ஒவ்வொன்றாக விழுங்கி இரும்பு-60 ஆகிறது. நடுவில் வரும் இரும்பு-59இன் அரை ஆயுள் 44 நாள்தான். அதற்குள் அடுத்த நியூட்ரான் கிடைத்தாக வேண்டும். நட்சத்திரம் வெடிக்கும்போது எல்லாம் வெளியே சிதறுகிறது. பூமி பிறந்தபோது இருந்த இரும்பு-60 எப்போதோ கரைந்து போயிற்று. ஆகவே 1999-ல் முனிச் விஞ்ஞானிகள் பசிபிக் ஆழ்கடல் படிவில் அதைக் கண்டபோது, வெளியிலிருந்து வந்த சரக்கு என்பதில் பெரிய சந்தேகம் எழவில்லை.

எவ்வளவு வந்தது என்று சொல்ல அரை ஆயுள் தெரிய வேண்டும். 1984-ல் அளந்தவர்கள் சுமார் 15 லட்சம் ஆண்டு என்றார்கள். கால் நூற்றாண்டு எல்லோரும் அதையே வைத்துக் கணக்குப் போட்டார்கள்.

இத்தனை லட்சம் வருஷத்தை உட்கார்ந்து பார்த்து அளக்க முடியுமா? வழி இருக்கிறது. மொத்தம் எத்தனை அணு, வினாடிக்கு எத்தனை சிதைகிறது, இரண்டையும் எண்ணினால் போதும். சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் நிலையத்தில் ஆண்டுக்கணக்கில் புரோட்டான் அடி வாங்கிய செம்புக் கட்டி ஒன்று இருந்தது. அதிலிருந்து பிரித்தெடுத்த இரும்பு-60 ஒரு மைக்ரோகிராம்கூடத் தேறாது. அணுக்களோ சுமார் 5,900 லட்சம் கோடி. கோபால்ட்டை முழுக்க நீக்கிவிட்டு, அது மறுபடி ஊறி வருவதை காமா கதிர் மூலம் கண்காணித்தார்கள். வினாடிக்கு ஏறக்குறைய 50 சிதைவு. கால்குலேட்டர் வைத்திருக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளே போட்டுப் பார்க்கலாம். 2009-ல் வெளியான விடை: 26.2 லட்சம் ஆண்டு!

பழைய கணக்கெல்லாம் ஆட்டம் கண்டது. 22 லட்சம் ஆண்டுக்கு முன் விழுந்ததில் நூற்றுக்கு 36 மிச்சம் என்று நினைத்திருந்த இடத்தில் உண்மையில் 56 மிச்சம். அப்படியானால் முதலில் வந்து விழுந்ததே குறைவு. யாரை நம்புவது? 2015-ல் வேறு முறையில், இரும்பு-55ஐ ஒப்பீடாக வைத்து அளந்ததில் 25 லட்சம் வந்தது. புது எண் நிலைத்தது.

அடுத்த ஆண்டு, பல பெருங்கடல்களின் படிவுகளை ஆராய்ந்து, 17 முதல் 32 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இந்தத் தூசு விழுந்ததாகக் கண்டார்கள். 2019-ல் அண்டார்டிகாவின் 500 கிலோ புதுப்பனியை உருக்கிப் பார்த்ததில், அதிலும் சில இரும்பு-60 அணுக்கள் கிடைத்தன.