இக்கேரி வராகனில் உமாமகேசர்

அம்மையும் அப்பனும் ஓராசனத்தே வீற்றிருக்கும் திருக்கோலத்தைக் கோயிலிலே தொழுகின்றோம். அக்கோலத்தை விரல்நகத்தளவான பொற்காசிலே பொறித்து வழங்கிய சிற்றரசு ஒன்று கன்னட நாட்டின் மலைப்பகுதியில் இருந்தது.

அது கெளதி நாயக்கர் அரசு. அவர்கள் வீரசைவர், விசயநகரத்தின் கீழிருந்து, 1565ஆம் ஆண்டுத் தலைக்கோட்டைப் போருக்குப் பின் தனித்து நின்றோர். தலைநகர் கெளதியிலிருந்து இக்கேரிக்கும், பின்னர்ப் பிதனூருக்கும் மாறியது. காசின் பெயர் மட்டும் இக்கேரி வராகன் என்றே நிலைத்தது. எடை ஏறத்தாழ 3.4 கிராம். ஒருபுறம், திரிசூலமும் மானும் ஏந்திய பெருமான், இடப்பால் உமையம்மை. மறுபுறம் நாகரி எழுத்தில் 'ஸ்ரீ ஸதாசிவ'. இஃது அரசன் பெயரோ இறைவன் திருநாமமோ என வழக்கிடுவோர் உளர். இரண்டும் ஒன்றாயிருக்கையில் வழக்கு எதற்கோ! உருவ அமைப்பு இவர்கள் புதிதாய்க் கண்டதன்று. இரண்டாம் அரிகரன் முதலிய விசயநகர வேந்தர் காசுகளிலேயே உளது.

இனிக் கேளுங்கள். 1763இல் ஐதர் அலி பிதனூரைக் கைப்பற்றினார். அரசி வீரம்மாசி சிறைப்பட்டார். நகரின் பெயரும் ஐதர்நகர் ஆயிற்று. ஆயினும் அவர் அடித்த பகதூரி வராகனில் உமாமகேசர் அப்படியே எழுந்தருளியிருந்தனர்! நாகரி எழுத்து இருந்த புறத்தில் மட்டும் தம் பெயரின் முதலெழுத்தைப் பாரசீக வரிவடிவில் இட்டார். இதனைப் பக்தி என்று சிலர் பேசுவர். அடியேனுக்கு அவ்வாறு தோன்றவில்லை. வணிகர் கண்பழகிய காசை மாற்றினால் கொள்வார் இரார் என்பதை அறிந்த அரசர் அவர். அவர் மைந்தர் திப்பு சுல்தான் தெய்வ உருவை நீக்கினார். தந்தையின் அவ்வெழுத்தை நீக்கினாரல்லர். 1799இல் மைசூர் மீண்டும் உடையார் மரபுக்கு வந்தபின், மூன்றாம் கிருட்டிணராசர் வராகனில் அம்மையப்பர் திரும்பவும் எழுந்தருளினர்.

இக்காசுகளை இன்று சேகரிப்போர் தேடி வாங்குகின்றனர். வளையம் பற்றவைத்துக் கழுத்தில் அணிந்த காசு அவர்களிடம் விலை குறைந்தது, உருவமும் தேய்ந்திருக்கும். அடியேன் கையில் தேர்வு விட்டால், அத்தகைய காசைத்தான் முதலில் எடுப்பேன்.