வீட்டினுள் ரேடான் வாயு

மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியம் சிதைவதால் உருவாகும் கதிரியக்க வாயு ரேடான். தரை விரிசல்கள், குழாய்களைச் சுற்றியுள்ள இடைவெளிகள் வழியே வீட்டினுள் நுழைந்து, காற்றோட்டம் குறைந்த அறைகளில் தேங்குகிறது. நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைபிடித்தலுக்கு அடுத்த முக்கியக் காரணங்களுள் இதுவும் ஒன்று.

இதற்கு நிறமோ மணமோ இல்லை. உடலிலும் உடனடி அறிகுறி எதுவும் தோன்றாது. ஆகவே அளந்து பார்ப்பதைத் தவிர அறிய வேறு வழியில்லை. அளவீட்டுக் கருவியைப் படுக்கையறையில் மூன்று மாதங்களேனும் வைத்திருத்தல் நல்லது. ஒரு கன மீட்டர் காற்றில் 100 பெக்கரல் என்பது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் அளவு. அதனை மிஞ்சினால், ஜன்னல்களைத் திறந்து வைப்பது தற்காலிகப் பயனையே தரும். விரிசல்களை அடைப்பதும் தனித்துப் போதாது. தரைக்கு அடியிலுள்ள காற்றைக் குழாய், மின்விசிறி கொண்டு கூரைக்கு மேல் வெளியேற்றுவதே பயன்மிக்க முறை.

ரேடானால் புகைபிடிப்பவருக்கு நேரும் ஆபத்து, பிடிக்காதவரைவிடச் சுமார் 25 மடங்கு அதிகம். உங்கள் பராமரிப்பில் இருப்பவர் புகைபிடிப்பவராயின், அளவீட்டு முடிவுக்காகக் காத்திராமல் அப்பழக்கத்தைக் கைவிட இன்றே உதவுங்கள்.