மூப்படையாதவர்களின் மிகை: நெட் ஃப்ளாண்டர்ஸும் தொடர் கார்ட்டூனின் காலமும்

1990 நவம்பரில் ஒளிபரப்பான 'தி சிம்ப்சன்ஸ்' தொடரின் 'டெட் புட்டிங் சொசைட்டி' அத்தியாயத்தில் பக்கத்துப் பக்கத்து வீட்டு அப்பாக்கள் இருவர் பந்தயம் கட்டுகிறார்கள். மினி கோல்ஃப் போட்டியில் எவன் மகன் வெல்லவில்லையோ அவன் தன் மனைவியின் ஞாயிற்றுக்கிழமை உடையை அணிந்துகொண்டு அடுத்த வீட்டுப் புல்வெளியை வெட்ட வேண்டும். பிள்ளைகள் ஆட்டத்தைச் சமனில் முடித்துக்கொள்கிறார்கள். இரண்டு மகன்களும் வெல்லவில்லை என்பதால் இரண்டு அப்பாக்களும் மாட்டிக்கொள்கிறார்கள். ஹோமர் சிம்ப்சன் கூனிக்குறுகிப் புல் வெட்டுகிறான். நெட் ஃப்ளாண்டர்ஸோ கல்லூரி மாணவர் சங்க நாள்களை நினைத்தபடி உற்சாகமாக வெட்டுகிறான். 2006 மே மாதத்தில் வந்த 'தி மங்கி சூட்' அத்தியாயத்தில் அதே ஃப்ளாண்டர்ஸ், அருங்காட்சியகத்தில் பரிணாமக் கொள்கையை விளக்கும் அரங்கைக் கண்டு கொதித்துப்போய், ஊர்ப் பள்ளியில் படைப்புவாதம் கற்பிக்கப்பட வழிசெய்கிறான். முன்னவன் பின்னவனைச் சந்தித்திருந்தால் தன் வீட்டுக் கீழ்த்தளத்தில் பொருத்தியிருக்கும் குழாயிலிருந்து வெளிநாட்டு பீர் பிடித்துக் கொடுத்திருப்பான். பின்னவன் அதை வாங்கியிருக்கமாட்டான்.

நெடுங்காலம் ஓடும் தொடர்களில் ஒரு பாத்திரம் தன் குணங்களில் ஒன்றைத் தவிர மற்றதையெல்லாம் இழந்து, எஞ்சிய அந்த ஒன்றும் ஊதிப் பெருத்துப்போவதை ஆங்கில ரசிகர்கள் ஃப்ளாண்டர்ஸின் பெயராலேயே குறிப்பிடுகிறார்கள். அவர்கள் சொல்லும் காரணம் எளியது: எழுத்தாளர்கள் சோம்பேறிகளாகிவிட்டார்கள். இந்தக் கட்டுரை அதை ஏற்கவில்லை. சோம்பல் எல்லாத் தொழிலிலும் உண்டு; அது எப்போதும் ஒரே திசையில் ஓடுவதில்லை. இங்கோ திசை மாறுவதே இல்லை. பாத்திரம் மங்கிப்போவதில்லை, தன்னைப் போலவே மேலும் மேலும் ஆகிறது. கதைக்குள் காலத்துக்கு இடம் கொடாத ஒரு வடிவத்தில், வயதாக ஏற வேண்டியது மிகையாக ஏறுகிறது என்பதே என் வாதம்.

முதலில் ஒரு திருத்தம். ஃப்ளாண்டர்ஸின் பக்தி பிற்காலத்தில் ஒட்டவைக்கப்பட்டதன்று. 1990 அத்தியாயத்திலேயே ஹோமரிடம் கடிந்து பேசிவிட்ட குற்றவுணர்வில் தூக்கம் வராமல் போதகர் லவ்ஜாயை இரவில் தொலைபேசியில் எழுப்புகிறான். பிறகு உருகி உருகி ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதுகிறான். ஹோமர் அதை வீட்டில் உரக்கப் படிக்க, குடும்பமே சிரிக்கிறது. ஆனால் அந்தப் பக்தி பல குணங்களில் ஒன்றாக இருந்தது. நல்ல அப்பா, நல்ல கணவன், நன்றாகப் பராமரிக்கப்பட்ட வீடு, கடன் கேட்டால் கருவிகளை எடுத்துக் கொடுக்கும் அண்டைவீட்டான். ஹோமருக்கு இவற்றில் எதையும் மன்னிக்க முடியவில்லை. 1991 அக்டோபரில் வந்த 'வென் ஃப்ளாண்டர்ஸ் ஃபெயில்ட்' இதன் உச்சம். இடக்கைப் பழக்கமுள்ளவர்களுக்கான பொருள்களை விற்கும் 'லெஃப்டோரியம்' என்ற கடையை ஃப்ளாண்டர்ஸ் திறக்கிறான், அது நொடித்துப்போக வேண்டும் என்று ஹோமர் ஆசைப்படுகிறான், ஆசை பலிக்கிறது, பலித்த பிறகு அவனால் அதைத் தாங்க முடியவில்லை. நாம் அங்கே சிரிப்பது ஹோமரின் பொறாமையைப் பார்த்து. ஃப்ளாண்டர்ஸ் அந்தச் சிரிப்புக்கு ஒரு நிலைக்கண்ணாடி மட்டுமே.

நகை பிறக்கும் களன்களாகத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கைச் சொல்கிறது. அமெரிக்கக் கார்ட்டூனுக்கு இதைப் பொருத்திப் பார்ப்பது வலிந்து செய்வதாகத் தோன்றலாம். ஆனால் சிரிப்பு எங்கே பிறக்கிறது என்று இடம் குறித்துக் கேட்கும் பழக்கம் இந்தச் சிக்கலுக்கு மிகவும் உதவுகிறது. தொடக்க அத்தியாயங்களில் நகைக்களன் ஹோமரின் பேதைமை. 1995இல் வந்த அத்தியாயமொன்றில் சிம்ப்சன் பிள்ளைகள் தற்காலிகமாக ஃப்ளாண்டர்ஸ் வீட்டில் வளர்கிறார்கள். அவர்கள் ஞானஸ்நானம் பெறாதவர்கள் என்று தெரிந்ததும் ஃப்ளாண்டர்ஸ் மயங்கி விழுகிறான், பிறகு அவர்களை ஆற்றங்கரைக்கு இழுத்துக்கொண்டு ஓடுகிறான். இங்கே களன் அடுத்த வீட்டுக்கு மாறிவிட்டது. அது பேதைமைகூட அன்று, மடன்: சொல்லிக்கொடுத்ததைப் பற்றிக்கொண்டு பிறகு விடாதிருப்பது. கண்ணாடியாக இருந்தவனே பார்க்கப்படும் பொருளாகிறான். குணம் பெருத்ததைவிட இந்த இடமாற்றம்தான் முதன்மையானது என்று நினைக்கிறேன். தானே சிரிப்புக்குரியவனான பிறகு, வந்துபோகும் அரை நிமிடத்தில் சிரிக்கவைக்கும் பொறுப்பும் அவன் தலையில் விழுகிறது. அரை நிமிடத்தில் நல்ல அப்பாவாக இருந்து சிரிக்கவைக்க முடியாது. விவிலியத்தைக் கையில் எடுத்தால் முடியும்.

இது ஏன் திரும்பிப் போகாத பாதையாகிறது? சூப்பர்மேன் பற்றி உம்பெர்த்தோ எக்கோ 1962இல் எழுதிய கட்டுரை தொடர்நாயகனின் காலத்தைப் பற்றியது. செய்யும் ஒவ்வொரு செயலிலும் மனிதன் கொஞ்சம் தீர்ந்துபோகிறான். சூப்பர்மேன் தீர்ந்துபோனால் தொடர் முடிந்துவிடும். ஆகவே ஒவ்வொரு கதையும் முந்தைய கதை நடக்காததுபோலத் தொடங்குகிறது என்கிறார் எக்கோ. சரிதான். ஆனால் எக்கோவின் கணக்கில் ஒரு தரப்பு விடுபட்டிருக்கிறது. கதைக்குள் இருப்பவர்களுக்குத்தான் நினைவு இல்லை. எழுதுபவர்களுக்கும் பார்ப்பவர்களுக்கும் உண்டு. சிம்ப்சன்கள் வாழும் ஸ்பிரிங்ஃபீல்ட் ஊர் நேற்று நடந்ததை மறந்துவிடும். எந்த நகைச்சுவைக்குக் கைதட்டல் விழுந்தது என்பதை எழுத்தாளர் அறை மறக்காது. அனுபவம், இழப்பு, பாடம், சமரசம் எல்லாம் அத்தியாயம் முடிந்ததும் துடைக்கப்படுகின்றன; துடைப்பத்துக்குத் தப்பி அடுத்த அத்தியாயத்துக்குப் போய்ச்சேர்வது அந்த நகைச்சுவை மட்டுமே. நூறு அத்தியாயங்களுக்குப் பிறகு பாத்திரம் என்று மிஞ்சுவது இப்படித் தப்பி வந்தவற்றின் வண்டல். 1990இல் எழுதியவர்களுக்கு முன்னுதாரணமாக ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகும் அமெரிக்க அண்டைவீட்டான் இருந்தான். பின்னால் வந்தவர்களுக்கு முன்னுதாரணம் ஃப்ளாண்டர்ஸேதான்.

தொடரே இதை உணர்ந்திருந்தது. 1996 டிசம்பரில் வந்த 'ஹரிக்கேன் நெட்டி' அத்தியாயத்தில் புயல் ஃப்ளாண்டர்ஸின் வீட்டை மட்டும் தரைமட்டமாக்குகிறது. காப்பீடு சூதாட்டத்துக்குச் சமம் என்று கருதி அவன் எடுக்காமல் விட்டிருக்கிறான். கடைசியில் வெடித்து ஊரையே வசைபாடிவிட்டு மனநல விடுதியில் தானாகச் சேர்கிறான். சிறுவயதில் அவனுக்கு அளிக்கப்பட்ட ஒரு விபரீதச் சிகிச்சைதான் இந்த ஓயாத இனிமைக்குக் காரணம் என்று கதை விளக்கம் தருகிறது. மிகை இயல்பாகத் தோன்றினால் எவரும் அதற்குப் பூர்வகதை எழுதுவதில்லை.

1997 மே மாதத்தில் வந்த 'ஹோமர்ஸ் எனிமி' இன்னும் கூர்மையானது. அணுமின் நிலையத்தில் புதிதாகச் சேரும் ஃபிராங்க் கிரைம்ஸ் பாடுபட்டு முன்னேறியவன். செயலுக்கு விளைவு உண்டு என்று நம்புகிறவன். ஹோமரின் கவனக்குறைவுக்கு எந்தத் தண்டனையும் இல்லாததைக் கண்டு நிலைகுலைகிறான். ஹோமரைப் போலச் செய்துகாட்டுகிறேன் என்று கையுறையில்லாமல் மின்கம்பியைத் தொட்டுச் சாகிறான். அடக்கத்தின்போது ஹோமர் தூங்கி வழிந்து ஏதோ உளற, கூடியிருப்பவர்கள் சிரிக்கிறார்கள். ஆறு ஆண்டுகளுக்கு முன், 1991இல், ஆசிரியரைப் பிரிந்த துயரில் இருந்த மகள் லிசாவை என்ன சொல்வதென்று தெரியாமல் தடுமாறியபடியே தேற்றிய அதே ஹோமர் இவன். தொடரைப் பற்றித் தொடருக்குள்ளேயே எழுதப்பட்ட விமர்சனத்தில் இதற்கு இணையாக ஒன்றை நான் பார்த்ததில்லை. காலத்தோடு வாழும் மனிதன் ஒருவன் அந்த ஊருக்கு வந்தான். ஒரே அத்தியாயத்தில் செத்தான்.

வாதத்தை வேறிடங்களிலும் சோதிக்க வேண்டும். ஈ. சி. செகாரின் 'திம்பிள் தியேட்டர்' செய்தித்தாள் படத்தொடர் 1919இல் தொடங்கியது; பாப்பாய் அதில் 1929 ஜனவரியில்தான், கூலிக்கு அமர்த்தப்பட்ட மாலுமியாக, தலைகாட்டினான். அவனுடைய முதல் சாகசத்தில் அவனைக் காப்பாற்றுவது கீரையன்று, ஓர் அதிசயக் கோழியின் தலையைத் தடவியதால் கிட்டிய அதிர்ஷ்டம். 1933 முதல் ஃப்ளைஷர் சகோதரர்கள் எடுத்த குறும்படங்களில்தான் பசலைக்கீரை டப்பா தவறாத சடங்காயிற்று. சில நிமிடப் படம், ஒவ்வொன்றும் முதலிலிருந்து தொடங்குவது: வண்டல் படிய இதைவிடத் தோதான இடம் இல்லை.

எதிர்ப்பக்கத்தில் ஃபிராங்க் கிங்கின் 'கேசொலின் ஆலி' இருக்கிறது. 1921 பிப்ரவரி 14 அன்று வால்ட் என்ற மணமாகாத மனிதனின் வாசலில் ஒரு குழந்தை கிடக்கிறது. ஸ்கீசிக்ஸ் என்று பெயர் பெற்ற அந்தக் குழந்தை வாசகர்களோடு சேர்ந்து நாளொரு நாளாக வளர்ந்து, இரண்டாம் உலகப் போருக்குப் போய், மணம் முடித்து, தகப்பனாயிற்று. இந்தத் தொடர் பல தலைமுறை ஓடியும் அதன் மாந்தர்கள் ஒற்றைக் குணத்தின் ஊதலாக மாறவில்லை. மாற அவசியமும் இல்லை. அவர்களிடம் சேர்வதற்கு வயது இருந்தது. அது வயிறு குலுங்கச் சிரிக்கவைக்கும் படைப்பன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மிகைக்குத் தப்புவதற்கு அந்தத் தொடர் கொடுத்த விலை அது.

மிக்கி மவுஸ் சற்றுச் சிக்கலான சாட்சி. 1928இன் 'ஸ்டீம்போட் வில்லி'யில் விலங்குகளைத் திருகியும் இழுத்தும் இசைக்கருவிகளாக வாசித்த போக்கிரி, பின்னாளில் சாதுவாகிப்போனான். உயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்ட் அவன் உருவத்தை அளந்து பார்த்து, தலையின் நீளத்தில் கண்ணின் அளவு 27 விழுக்காட்டிலிருந்து 42 விழுக்காடாக வளர்ந்ததைக் காட்டினார். ஆண்டு ஏற ஏற மிக்கி குழந்தையாகிக்கொண்டே போனான் என்பது அவர் முடிவு. இது என் வாதத்துக்கு மாறானதுபோலத் தோன்றும். ஆனால் மிக்கி ஒரு நிறுவனத்தின் முகமானவன். முகம் குறும்பு செய்ய முடியாது. அவனிடமிருந்து கழற்றப்பட்ட கோபம் 1934இல் அறிமுகமான டொனால்ட் டக்கிடம் போய்ச்சேர்ந்தது. டொனால்டிடம் அது வாடிக்கையாகப் பெருத்தது. மிக்கியிடமும் மிகை உண்டு, அது கண்ணில் ஏறியது.

ஒரு வலுவான மறுப்பு உண்டு: மாறியது ஃப்ளாண்டர்ஸ் அல்ல, அமெரிக்கா. மதவாத வலதுசாரி அரசியல் வளர்ந்தது, பாத்திரம் அதைப் பிரதிபலித்தது. இதில் பாதி உண்மை. அறிவியல் வகுப்பில் படைப்புவாதத்தை நுழைப்பது பற்றிய பென்சில்வேனியாவின் டோவர் பள்ளி வழக்கில் 2005 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. அதற்கு அடுத்த ஆண்டு மேயில் 'தி மங்கி சூட்' வந்தது தற்செயலாக இருக்க முடியாது. ஆனால் போதகர் ஜெர்ரி ஃபால்வெல்லின் மதவாத அரசியல் அமைப்பான 'மாரல் மெஜாரிட்டி' 1979இல் தொடங்கி, அரை மணி நேரத் தொடராக 'சிம்ப்சன்ஸ்' பிறந்த 1989லேயே கலைந்துவிட்டது. கண்டிப்பான மதவாதி என்ற மாதிரி 1990இல் எழுத்தாளர்களின் கண்முன் முழுமையாக இருந்தும் அவர்கள் அதை ஃப்ளாண்டர்ஸுக்கு அணிவிக்கவில்லை. அரசியல் எந்தப் பொருளைப் பேசுவது என்று முடிவுசெய்தது. அதை இவன் வாயில் வைக்கலாம் என்பதைப் பதினாறு ஆண்டு வண்டல் முன்பே முடிவுசெய்திருந்தது.

ஃப்ளாண்டர்ஸின் வாழ்வில் துடைக்கப்படாமல் நின்றவை மிகச் சில. 2000 பிப்ரவரியில் அவன் மனைவி மாட் இறக்கிறாள். குரல் நடிகை மேகி ராஸ்வெல் முந்தைய ஆண்டு ஊதியப் பிணக்கில் விலகியிருந்தார். பின்னர் அவன் மணந்த ஆசிரியை எட்னா கிரபாப்பெல் மறைந்தது, 2013 அக்டோபரில் மார்சியா வாலஸ் காலமானதால். இரண்டு முறையும் காலம் கதையின் வாசல் வழியாக வரவில்லை. ஒப்பந்தமும் மரணமும் பின்கதவைத் திறந்து உள்ளே விட்டன. 2018இல் லெஃப்டோரியம் மூடப்பட்டு, எட்னா விட்டுப்போன நான்காம் வகுப்புக்கு ஃப்ளாண்டர்ஸ் ஆசிரியனாகிறான். அந்த நாற்காலி உண்மையிலேயே காலியாக இருந்தது; அதனால்தான் பல ஆண்டுகளில் முதல்முறையாக அவனுக்குப் பக்தியைத் தவிர வேறொரு வேலை கிடைத்தது.