பாதரச எதிர்ப்பு ஜீன்கள்

பாதரசம் கலந்த நீரிலும் மண்ணிலும் மடியாது வாழும் பாக்டீரியாக்கள் பலவற்றில், அவ்விஷம் உள்ளே புகுந்தபோது மட்டுமே முழுவீச்சில் இயங்கி அதை வெளியேற்றும் ஜீன் தொகுதி ஒன்று உண்டு. ‘மெர்’ எனக் குறிக்கப்படும் இத்தொகுதியே, கன உலோகங்களினின்று ஓரணு ஜீவிகள் தம்மைக் காத்துக்கொள்ளும் முறைகளுள் மிக நுணுக்கமாக ஆராயப்பட்டவற்றில் ஒன்றாகும்.

புரதங்களிலுள்ள கந்தகத்தை இறுகப் பற்றி அவற்றின் தொழிலைக் கெடுப்பது பாதரசத்தின் சுபாவம். அதனாலேயே 1881இல் ராபர்ட் கோக் பாதரசக் குளோரைடைச் சிறந்த கிருமிநாசினியென நிரூபித்தார். மருத்துவமனைகளும் அதனை நெடுங்காலம் நம்பியிருந்தன. ஆயினும் 1960களில், பெனிசிலினுக்கு அடங்காத ஸ்டாபிலோகாக்கஸ் கிருமிகளுட் பல பாதரசத்துக்கும் அடங்காதிருப்பது புலனாயிற்று; இவ்விரு குணங்களும் பிளாஸ்மிட் என்னும் தனி டி.என்.ஏ. வளையத்தில் ஒருங்கே அமைந்திருக்கக்கூடும் என்பதை 1968இல் நோவிக், ராத் ஆகிய இருவரும் விளக்கினர். 1972இல் ஆன் சம்மர்ஸும் சைமன் சில்வரும், இத்தகைய பிளாஸ்மிட்டைத் தாங்கிய ஈ. கோலை பாக்டீரியா பாதரச அயனியை ஆவியாகும் உலோகப் பாதரசமாக்கி வெளியே போக்கிவிடுவதைக் காட்டினர். இம்மாற்றத்தைச் செய்வது ‘மெர்-ஏ’ என்னும் நொதி; மெதில் பாதரசம் போன்ற கரிமச் சேர்மங்களில் கரியையும் பாதரசத்தையும் பிரிப்பது ‘மெர்-பி’. கொடிய நோயால் உலகறிந்த ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவிலிருந்து எடுக்கப்பட்ட பாக்டீரியாக்களிலும் மெர்-பி ஜீன் காணப்பட்டது.

எனினும் இவ்வரலாற்றில் வியப்பின் சிகரம், 1980களின் இறுதியிலும் அடுத்த சில ஆண்டுகளிலும் ஓஹேலரன், வால்ஷ் முதலியோரின் ஆராய்ச்சியால் துலங்கிய ‘மெர்-ஆர்’ புரதத்தின் செயலே என்று கூறலாம். ஜீனைப் படிக்கும் நொதி பற்றிக்கொள்ள வேண்டிய இரு இடங்களுக்கிடையே வழக்கமாக 17 டி.என்.ஏ. அலகுகளே இருக்க, இங்கே 19 இருப்பதால், அந்நொதி வந்து அமர்ந்தும் வேலையைத் தொடங்க மாட்டாது நிற்கிறது. அங்கே தடுத்து நிற்கும் மெர்-ஆரின் மூன்று கந்தகங்களிடையே பாதரச அயனி ஒன்று சிக்கியதும், அப்புரதம் உருமாறி, டி.என்.ஏ.வின் முறுக்கைச் சற்றே தளர்த்தி, அவ்விரு இடங்களையும் ஒரே முகமாகத் திருப்பித் தருகிறது. உடனே ஜீன்கள் படிக்கப்படுகின்றன. தடுத்து நின்ற புரதமே வழிவிடும் புரதமாவதும், விஷமே அதற்கு ஆணையாவதும் எத்துணைச் சிக்கனமான ஏற்பாடு!

இந்த ஜீன்கள் இடம்விட்டு இடம் தாவும் டி.என்.ஏ. துண்டுகளில் அமைந்திருப்பது கவலைக்குரியது. 1950களில் ஜப்பானில் சீதபேதிக் கிருமியிலிருந்து பெற்ற பிளாஸ்மிட்டில் உள்ள ‘டி.என். 21’ என்னும் துண்டு, பாதரச எதிர்ப்போடு ஸ்ட்ரெப்டோமைசின், சல்ஃபா மருந்துகளின் எதிர்ப்பையும் சேர்த்தே சுமக்கிறது. ஆகவே பாதரசம் மிகுந்த இடத்தில் மருந்துக்கு அடங்காத கிருமியும் உடன் பெருகக்கூடும். பாதரசம் கலந்த பல் அடைப்புகளைக் குரங்குகளுக்கு வைத்தபோது அவ்வாறே நிகழ்ந்ததென 1993இல் சம்மர்ஸ் குழுவினர் அறிவித்தனர். ஆனால் இவ்வெதிர்ப்பு மனிதன் படைத்ததன்று: சைபீரியாவின் உறைநிலத்தில் பல்லாயிரம் ஆண்டுகள் கிடந்த பாக்டீரியாக்களிலும் இத்தகைய தாவும் துண்டுகள் கண்டெடுக்கப்பட்டுள்ளன.

1996இல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தார், மெர்-ஏ ஜீனின் எழுத்தமைப்பைத் தாவரத்துக்கு ஏற்பத் திருத்தி அரபிடாப்சிஸ் செடியில் புகுத்த, அச்செடி பாதரசம் கலந்த ஊடகத்திலும் முளைத்து, பாதரச ஆவியை வெளியிட்டது. மண்ணைச் சுத்திகரிக்க இது வழியெனினும், காற்றில் கலந்த அவ்வாவி காலப்போக்கில் மீண்டும் அயனியாகி மழையோடு நிலத்துக்கே இறங்கிவிடுகிறது என்பதால், இம்முறையைப் பற்றிய விவாதம் தொடர்கிறது.