பெறுபேற்றுக்குப் பணம்

பரீட்சைக்காகவே படிப்பிக்குங் குறை இக்காலத்திற் பிறந்ததென எண்ணுவோர் பலர். அது நூறாண்டுக்கும் மேற்பட்ட பழமையுடையது.

1862ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் கல்விப் பொறுப்பை வகித்த றொபேட் லோ என்பார், ஆரம்பப் பாடசாலைகளுக்குரிய அரசாங்க நன்கொடையைப் பரீட்சையோடு பிணைத்தார். வாசிப்பு, எழுத்து, எண்கணிதம் ஆகிய மூன்றிலும் வித்தியாதரிசி ஆண்டுதோறும் பிள்ளைகளைச் சோதிப்பார். 6 வயதுக்கு மேற்பட்ட, ஒழுங்கான வரவுடைய பிள்ளை மூன்றிலுஞ் சித்தியெய்தினால் 8 சிலிங் கிடைக்கும். தவறும் பாடம் ஒவ்வொன்றுக்கும் 2 சிலிங் 8 பென்சு குறையும்.

லோவின் வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. பொதுமக்களின் வரிப்பணம் செலவாகும்போது, அதன் பயனை அளந்தறிய வேண்டாமா? கெட்டிக்காரரை மட்டும் பேணி ஏனையோரைக் கைவிடும் வழக்கத்தை வேறெவ்வாறு திருத்துவது?

கவிஞரும் வித்தியாதரிசியுமாகிய மத்தியூ ஆர்னல்ட் இம்முறையை வன்மையாகக் கண்டித்தார். ஒரே வாசிப்புப் புத்தகத்தை ஆண்டு முழுவதும் ஓதி மனனஞ் செய்த பிள்ளை, பரீட்சையில் தடையின்றி வாசிக்கிறது. அதே தரத்து வேறொரு நூலைக் கொடுத்தாலோ தடுமாறுகிறது என்று தம் அறிக்கையில் எடுத்துக்காட்டினார். வாசிக்கத் தெரியாமலே வாசிப்பிற் சித்தியெய்தலாம் என்பது புலனாயிற்று. பணந்தராத வரலாறும் புவியியலும் பின்தள்ளப்பட்டமையால், 1867இல் அவற்றுக்குந் தனி நன்கொடை வகுக்க நேர்ந்தது.

1890இல் தளர்த்தப்பட்ட இம்முறை, அப்பத்தாண்டு முடியுமுன் முற்றாக நீங்கியது. பயனை அளக்கவேண்டும் என்ற லோவின் கேள்வி மட்டும் நீங்கவில்லை. ஆயினும் ஆசிரியரின் சீவனம் அளவுகோலோடு கட்டப்பட்டபோது, அக்கோல் பரீட்சைக்குரிய ஆயத்தத்தையே அளந்தது. பிள்ளையின் அறிவு அளவைக்கு அப்பால் நின்றது.